விடுமுறைக் கனவும் போலிப் பயணத் தளங்களும்: எமது மௌனம் யாருக்கு இலாபம்?

கோடை விடுமுறைக்கு முன்னைய மாதங்கள் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்க்கும் மாதங்களாகும். டோர்செட் பார்க்கிலும் அதனைச் சூழ்ந்த ஸ்காபரோ எங்கணும் வாழும் எமது மக்கள் இரண்டு வேலை பார்த்தும், மேலதிக நேரம் உழைத்தும், சீட்டுப் பிடித்தும் சேர்த்த பணம் இம்மாதங்களிலேதான் விமானச்சீட்டாக மாறுகின்றது. ஆடி, ஆவணியில் பாடசாலைகள் பூட்டியிருக்கும். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் அக்காலத்தை ஒட்டியே வரும். ஊரில் அம்மம்மாவைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். சென்னையில் சேலை எடுக்க வேண்டும். இலண்டனில் மச்சாளின் திருமணத்திற்கு நிற்க வேண்டும். ஐவர் கொண்ட குடும்பமொன்றுக்கு இது பல ஆயிரம் டொலர் செலவு.

இப்பணத்தின் மீதுதான் இன்று திருடர்களின் கண் விழுந்திருக்கின்றது. அவர்கள் வீட்டுக் கதவை உடைப்பதில்லை. விமான நிறுவனத்தின் பெயரோடு ஓரெழுத்து மாறிய இணையத்தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, நாமாகவே சென்று கடனட்டை இலக்கத்தைக் கொடுக்கும் வரை காத்திருக்கின்றனர்.

இப்படி ஏமாந்தவரைப் பற்றி எமது சமூகம் கூறும் வார்த்தை என்ன? "படிக்காத சனம்." "மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்." இத்தீர்ப்பு தவறானது மட்டுமன்று, திருடனுக்கு உதவுவதுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எம்மிடம் குறைவாக இருப்பது அறிவன்று. பதிவேட்டைப் பார்க்கும் பழக்கமும், ஏமாந்ததை வெளியே சொல்லும் துணிவும், அவ்விரண்டையும் வளர்க்க வேண்டிய எமது ஊடகங்களினதும் அமைப்புக்களினதும் பொறுப்புணர்வுமே குறைவாக உள்ளன.

முதலில் தோன்றுவது முதன்மையானதன்று

பெற்றோர் முகத்தை நம்புகின்றனர். "எங்கடை ஊர்ப் பொடியன், ஏமாற்ற மாட்டான்" என்பது அவர்களின் சான்றிதழ். பிள்ளைகளோ திரையை நம்புகின்றனர். தேடுபொறியில் முதலில் வந்தால் அது உண்மையானது என்பது அவர்களின் சான்றிதழ். அம்மா, அப்பாவின் நம்பிக்கையைப் பழசு என்று சிரிக்கும் இளையோர், தமது நம்பிக்கையும் அதே அளவு ஆதாரமற்றது என்பதை உணர்வதில்லை.

தேடுபொறியின் உச்சியில் நிற்கும் முதற் சில முடிவுகள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கப்பட்ட இடங்கள். சிறிய எழுத்தில் அது விளம்பரம் என்று குறிக்கப்பட்டிருக்கும். பணம் கொடுப்பவர் யாராயினும் அவ்விடத்திற்கு ஏலம் கேட்கலாம். விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தைத் தேடுவோருக்கும் இதே கதிதான். தேடலில் கிடைக்கும் இலக்கம் அந்த நிறுவனத்தினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அழைத்தால் கனிவான குரலொன்று பயணத் திகதியை மாற்றித் தருவதாகக் கூறி, "மாற்றக் கட்டணம்" அறவிடும். சீட்டு மாறியிராது, பணம் மட்டும் கைமாறியிருக்கும். இலக்கத்தை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ, கையிலுள்ள சீட்டிலிருந்தோ எடுப்பதே பாதுகாப்பு.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறியையும் பலர் நற்சான்றிதழாகக் கொள்கின்றனர். உமக்கும் அத்தளத்திற்கும் இடையிலான பரிமாற்றம் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதே அக்குறியின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. திருடனும் இலவசமாகப் பூட்டுக் குறி பெறலாம். மக்கள் இக்குறியைப் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர் என்று கூறியே கூகிள் நிறுவனம் 2023இல் தனது குரோம் உலாவியிலிருந்து அதனை அகற்றியது.

நற்பெயர் பெற்ற தளத்தினுள்ளே இருந்தாலும் கவனம் தேவை. 2023இன் பிற்பகுதியில் புக்கிங் டொட் கொம் தளத்தில் நடந்ததை இணையப் பாதுகாப்பு நிறுவனங்கள் ஆவணப்படுத்தியுள்ளன. மோசடிக்காரர் விடுதிகளின் கணக்குகளைக் கைப்பற்றி, அத்தளத்தின் செய்திப் பெட்டியூடாகவே பயணிகளுக்கு எழுதினர். "உமது அட்டையை மீண்டும் உறுதிப்படுத்தாவிட்டால் அறை இரத்தாகும்" என்று வந்த செய்தி உண்மையான இடத்திலிருந்தே வந்தது. அதிலிருந்த இணைப்பு மட்டும் போலி. இதில் அகப்பட்டவர்களைப் படிக்காதவர்கள் என்று யார் சொல்வார்?

நுழைவனுமதியின் பெயரால் நடக்கும் வழிப்பறி

விமானச்சீட்டு வாங்கியதோடு ஆபத்து முடிவதில்லை. அடுத்த வலை நுழைவனுமதி. இலங்கை 2012 ஜனவரி 1 முதல் இணையவழிப் பயண அனுமதி முறையை நடத்தியது. அதன் தளம் 'ஜிஓவி டொட் எல்கே' என முடிவது. இம்முடிவு அரச நிறுவனங்களுக்கே உரியது என்பதால், சாதாரண பயணியும் உண்மையைப் பொய்யிலிருந்து பிரித்தறிய ஒரு வழி இருந்தது.

2024 ஏப்ரல் 17 அன்று கொழும்பு அரசு அப்பணியை வி.எப்.எஸ். குளோபல் உள்ளிட்ட தனியார் நிறுவனக் கூட்டிடம் ஒப்படைத்தது. புதிய தளத்தின் முகவரியில் 'ஜிஓவி' என்னும் அரச அடையாளம் இருக்கவில்லை. கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் ஏறியது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எழுந்த எதிர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. 2024 ஓகஸ்ட் 2 அன்று உயர் நீதிமன்றம் அவ்வொப்பந்தத்தை இடைநிறுத்தியது. பழைய முறை செப்டெம்பர் இறுதியிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கியது. அவ்வைந்து மாதங்களில், "அரச அடையாளமுள்ள முகவரியை மட்டும் நம்புங்கள்" என்று கூறிய எவரும், அரசு தானே நடத்துவித்த தளத்தைச் சுட்டிக்காட்டிக் கூற முடியாத நிலை. ஓர் அரசு தனது அடையாளத்தைத் தானே அழித்துக்கொண்டால் போலிகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன?

கனடாவுக்கு வரும் எமது உறவினரும் இவ்வலையில் விழுகின்றனர். பிரித்தானிய, பிரெஞ்சு, ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமியோ விமானம் ஏறிக் கனடா வருவதற்கு இணையவழி அனுமதி வேண்டும். அதன் அரச கட்டணம் 7 கனடிய டொலர் மாத்திரமே. அதே படிவத்தை வேறு நிறத்தில் அலங்கரித்து வைத்து, அக்கட்டணத்தின் பன்மடங்கை அறவிடும் தளங்கள் பல உள்ளன. இவற்றிற் சில உண்மையாகவே விண்ணப்பத்தை அனுப்பி வைக்கின்றன. ஆகவே ஏமாந்தவருக்குத் தாம் ஏமாந்ததே தெரிவதில்லை. வேறு சில, கடவுச்சீட்டின் படத்தையும் பிறந்த திகதியையும் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுகின்றன. பணத்தை மீட்டாலும் மீட்கலாம். கைமாறிய கடவுச்சீட்டு விபரத்தை மீட்க இயலாது.

2025 ஜனவரி 8 முதல் கனடியக் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவுக்குச் செல்வோருக்கும் இதுபோன்ற அனுமதி கட்டாயமாயிற்று. புதிய விதி பிறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பெயரில் புதிய போலித் தளங்களும் பிறக்கின்றன. எனவே விதி எளிது: நாட்டின் பெயரைத் தேடுபொறியில் தட்டி முதலில் வருவதை அழுத்தாதீர். இலங்கைக்கு 'ஜிஓவி டொட் எல்கே', இந்தியாவுக்கு 'ஜிஓவி டொட் இன்', பிரித்தானியாவுக்கு 'ஜிஓவி டொட் யூகே', கனடாவுக்கு 'கனடா டொட் சிஏ' என்னும் முடிவைப் பாருங்கள். முகவரியின் நடுவில் இருக்கும் சொல் எதனையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள முடிவுதான் உரிமையாளரைக் காட்டும்.

முன்பதிவு வேறு, சீட்டு வேறு

எம்மவரிடையே அதிகம் அறியப்படாத, ஆயினும் அதிகம் பயன்படுத்தப்படும் தந்திரம் ஒன்றுண்டு. வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ அறிமுகமாகும் ஒருவர் சந்தை விலையிலும் முந்நூறு டொலர் குறைத்துச் சொல்வார். மின்னஞ்சற் பணப் பரிமாற்றத்தைக் கேட்பார். பணம் சென்றதும் ஆறு எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்ட முன்பதிவுக் குறியீட்டை அனுப்புவார். விமான நிறுவனத்தின் தளத்தில் அதைத் தட்டினால் குடும்பத்தினர் அனைவரின் பெயரும் திகதியும் அப்படியே தோன்றும். குடும்பம் நிம்மதியாக உறங்கும்.

ஆனால் அது சீட்டு அன்று. பணம் செலுத்தாமலே சில நாட்களுக்கு இருக்கையைத் தடுத்து வைக்கும் வசதி பயண முறைமைகளில் உண்டு. காலக்கெடு முடிந்ததும் அது தானாகவே அழிந்துவிடும். உண்மையான மின்சீட்டுக்குப் பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட சீட்டெண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வழங்கிய விமான நிறுவனத்தைக் குறிக்கும்: எயார் கனடாவுக்கு 014, சிறிலங்கன் எயார்லைன்சுக்கு 603, எமிரேற்சுக்கு 176, கட்டார் எயார்வேய்சுக்கு 157, எயார் இந்தியாவுக்கு 098. கூட்டுச் சேவைகளில் ஒரு நிறுவனத்தின் சீட்டில் மற்றொன்றின் விமானத்தில் பறக்க நேரலாம். ஆயினும் ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனிச் சீட்டெண் இருந்தே தீர வேண்டும்.

ரொறொன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் இடையில் ஓரிடத்திலோ ஈரிடத்திலோ விமானம் மாற வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரே சீட்டில் உள்ளதா, தனித்தனியா என்பதையும் கேட்டறிய வேண்டும். சீட்டெண் கிடைத்த பின்னரும் சில நாட்கள் கழித்து ஒரு முறையும், புறப்படுவதற்கு முன் ஒரு முறையும் விமான நிறுவனத்திடம் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். சீட்டை வழங்கிக் காட்டிவிட்டு, பின்னர் அதனை இரத்துச் செய்து பணத்தைத் தாமே மீளப் பெறும் கில்லாடிகளும் உளர்.

சட்டம் தரும் காப்பை ஏன் உதறுகின்றோம்?

நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் பயணச் சேவை விற்பது எவரும் திறக்கக்கூடிய பெட்டிக்கடை அன்று. 2002ஆம் ஆண்டின் பயணத் தொழிற்றுறைச் சட்டத்தின்படி பயண முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். ரிக்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்ராறியோப் பயணத் தொழிற்றுறைச் சபையே இப்பதிவைக் கண்காணிக்கின்றது. பதிவின்றி விற்கும் தனியாளுக்கு 50,000 டொலர் வரை தண்டமும் சிறையும், நிறுவனத்திற்கு 250,000 டொலர் வரை தண்டமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பதிவு பெற்ற முகவரிடம் வாங்குவோருக்கு மற்றொரு காப்பும் உண்டு. முகவரோ விமான நிறுவனமோ வங்குரோத்தாகி, வாங்கிய சேவை கிடைக்காமற் போனால், ஆளொருவருக்கு 5,000 டொலர் வரை ஈடுசெய்யும் நிதியொன்றை இச்சபை வைத்திருக்கின்றது. 2009 ஏப்ரலில் ரொறொன்ரோவின் கொன்குவெஸ்ற் வெக்கேஷன்ஸ் நிறுவனம் திடீரென மூடப்பட்டபோது பயணிகளுக்குக் கைகொடுத்தது இவ்வேற்பாடே. பதிவில்லாதவரிடம் வாங்கியவருக்கு இந்நிதியில் ஒரு சதமும் இல்லை. முந்நூறு டொலர் மிச்சப்படுத்துவதாக எண்ணி, ஐவர் கொண்ட குடும்பம் 25,000 டொலர் வரையான காப்பைக் கைவிடுகின்றது. இது சிக்கனமா?

சபையின் இணையத்தளத்தில் முகவரின் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். முறையான முகவர் தமது பதிவெண்ணைக் கேட்டதும் தருவார். கேட்பதை அவமதிப்பாகவும் கொள்ளார். "எங்கடை ஆளிட்டை நம்பர் கேக்கிறதோ" என்று கூச்சப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம்: காணி வாங்கும்போது உறுதியைப் பார்ப்பது விற்பவரைச் சந்தேகிப்பதாகாது. அது வாங்குபவரின் கடமை.

விளம்பரம் வாங்கும் கை பதிவெண்ணைக் கேட்காதா?

இனி எமது ஊடகங்களிடம் வருவோம். ரொறொன்ரோத் தமிழரிடையே வானொலிகள், வாரப் பத்திரிகைகள், வணிகக் கையேடுகள், முகநூற் பக்கங்கள் ஏராளம். அவற்றிற் பயண விளம்பரங்களுக்கும் குறைவில்லை. எத்தனை விளம்பரங்களில் பதிவெண் காணப்படுகின்றது? வெறும் கைப்பேசி இலக்கமும், பனைமரப் படமும், "நம்பிக்கையான சேவை" என்னும் வாசகமும் மட்டும் கொண்ட விளம்பரத்தை ஏற்றுக்கொள்பவர் எதை நம்பி அதனைத் தம் வாசகரிடம் கையளிக்கின்றார்?

"விளம்பரத்தின் உள்ளடக்கத்திற்கு நாம் பொறுப்பல்ல" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்துவிட்டதா? சட்டம் என்ன கூறினும் மனச்சாட்சி அவ்வாறு கூறாது. மக்கள் அவ்விளம்பரத்தை நம்புவது அந்த வானொலியை நம்புவதால்தான். அந்நம்பிக்கையே அங்கு விற்கப்படுகின்றது.

"சிறு முகவர்களின் வயிற்றிலடிக்கலாமா?" என்று சிலர் கேட்பர். உண்மையில் வயிற்றிலடிக்கப்படுபவர் யார்? பதிவுக் கட்டணம் கட்டி, வாடிக்கையாளர் பணத்தைச் சட்டப்படி தனிக் கணக்கில் வைத்து, நள்ளிரவில் டோஹாவில் விமானம் தவறிய முதியவருக்கு வேறு விமானம் தேடிக் கொடுக்கும் நேர்மையான தமிழ் முகவர்தான். நடக்காத விலையைச் சொல்லும் போலியோடு அவரால் போட்டியிட முடியாது. பதிவெண் கேட்பது அவரைக் காக்கும் செயல். தமிழ்த் தொழில் முயற்சியை வளர்ப்பதாகக் கூறும் அமைப்புக்கள் இதனை முதலில் உணர வேண்டும்.

தேடுபொறி நிறுவனங்களும் குற்றத்தில் பங்காளிகளே. விளம்பரப் பணத்தை எடுத்துக்கொண்டு, முறைப்பாடு வந்த பின் மட்டும் தளத்தை நீக்குவது காவலன்று. ஆயினும் கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்தை நாளை திருத்த எம்மால் இயலாது. எமது வானொலியை இன்றே திருத்த இயலும்.

வெட்கப்பட வேண்டியவர் யார்?

கனடிய மோசடித் தடுப்பு நிலையத்திடம் முறையிடப்பட்ட எல்லாவகை மோசடிகளின் இழப்பும் 2024இல் 600 மில்லியன் டொலரைத் தாண்டியது. நடக்கும் மோசடிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே தம்மிடம் வந்து சேர்வதாக அந்நிலையம் மதிப்பிடுகின்றது. எமது சமூகத்தில் இது இன்னும் குறைவாக இருந்தால் வியப்பதற்கில்லை. "நாலு பேர் சிரிப்பினம்" என்ற அச்சம், ஆங்கிலத்தில் முறையிடும் தயக்கம், அரச அலுவலகம் என்றாலே ஊரில் பட்ட அனுபவம் — இவை யாவும் வாயைக் கட்டுகின்றன. கணவன் மனைவிக்குச் சொல்வதில்லை; மகள் தந்தைக்குச் சொல்வதில்லை. அதே போலித் தளம் அடுத்த வாரம் அடுத்த மாடி வீட்டுக்காரரைப் பிடிக்கின்றது.

பணம் போனதை உணர்ந்த முதல் மணி நேரங்கள் பெறுமதியானவை. கடனட்டையால் செலுத்தியிருந்தால் உடனே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தி, கொடுப்பனவுக்கு எதிராக ஆட்சேபம் பதிவு செய்யலாம். திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. மின்னஞ்சற் பணப் பரிமாற்றமோ மறுபுறத்தார் பெற்றுக்கொண்டதும் பெரும்பாலும் போனதுதான். இருந்தும் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். பின்னர் ரொறொன்ரோக் காவல்துறையிடமும், 1-888-495-8501 என்னும் இலக்கத்தில் மோசடித் தடுப்பு நிலையத்திடமும் முறையிட வேண்டும். விற்றவர் ஒன்ராறியோவில் இருப்பவராயின் ரிக்கோவிடமும் எழுத வேண்டும். உரையாடல்களையும் பற்றுச்சீட்டுக்களையும் அழித்துவிடாதீர், அவையே சான்று. "உமது பணத்தை மீட்டுத் தருகின்றோம், முன்பணம் கட்டும்" என்று பின்னர் அழைப்பவர் இரண்டாவது திருடன் என்பதையும் மறவாதீர்.

இளையோரே, இங்கு உங்களுக்கு ஒரு பணி உண்டு. அப்பா ஏமாந்துவிட்டார் என்றால் அவரைக் கேலி செய்யாதீர். அருகில் அமர்ந்து முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். பெற்றோரே, பிள்ளை கைப்பேசியில் வேகமாகத் தட்டுகின்றது என்பதற்காக அதற்கு எல்லாம் தெரியும் என்று எண்ணாதீர். பணம் செலுத்துமுன் இருவரும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பதிவெண் எங்கே? கடனட்டையால் செலுத்தலாமா? ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று இலக்கச் சீட்டெண் எப்போது வரும்? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை மழுப்பப்படுமாயின் எழுந்துவிடுங்கள்.

அமைப்புக்களிடமும் ஊடகங்களிடமும் எமது கோரிக்கை வெளிப்படையானது. பதிவெண் இல்லாத பயண விளம்பரத்தை ஏற்காதீர். ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமது கோடை ஒன்றுகூடல்களில் பத்து நிமிடங்களை இதற்கு ஒதுக்குக. மோசடித் தடுப்பு நிலையம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுகின்றது. ஸ்காபரோவின் நகரசபை, மாகாண, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேர்தல் காலத்தில் தமிழில் வணக்கம் சொல்லத் தெரிந்தவர்கள். எச்சரிக்கைகளையும் முறைப்பாட்டு வழிமுறைகளையும் தமிழில் தருமாறு அவர்களைக் கேட்போம். கேட்காத உரிமையை எவரும் வீடு தேடிவந்து தரப்போவதில்லை.

போரிலும் இடப்பெயர்விலும் அனைத்தையும் இழந்து, வெறுங்கையோடு வந்து, பனியில் உழைத்துச் சேர்த்த பணம் இது. அதனைத் திருடியவன் வெட்கப்படவில்லை. திருட்டுக் கொடுத்தவர் ஏன் தலைகுனிய வேண்டும்? ஏமாந்தவர் பேசட்டும், கேட்பவர் சிரியாதிருக்கட்டும். இந்தக் கோடையிலேயே அது தொடங்கட்டும்.